பெருநகரத்திலும் கடைமடை உண்டு

பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். மகனுக்குச் சிறுசேரியில் மென்பொருள் வேலை. அந்தப் பக்கமாகவே ஓர் அடுக்குமாடி வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு நீங்களும் உங்கள் துணைவியாரும் வந்துவிட வேண்டும் என்கிறார். வாழ்நாள் முழுவதும் ஆற்றங்கரையில் இருந்துவிட்டு, சென்னை போலப் பரந்து கிடக்கும் ஒரு பெருநகரத்தில் வாழ்வது எப்படி இருக்கும் என்பது உங்கள் கேள்வி. நான் பட்டீஸ்வரத்தைச் சேர்ந்தவன். 1987ஆம் ஆண்டு நகரமைப்பு வரைபட வேலைக்காகச் சென்னைக்குப் போய், முதல் பதினாறு ஆண்டுகள் புரசைவாக்கத்தில் வாடகைக்கும், அடுத்த பதினாறு ஆண்டுகள் மேடவாக்கத்துக்கு அப்பால் சொந்த வீட்டிலும் குடியிருந்துவிட்டு, 2019இன் இறுதியில் ஊர் திரும்பினேன். நடுவிலும் ஓரத்திலும் ஒரே அளவு காலம் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவை இரண்டும் ஒரே பெயரைச் சுமக்கும் வெவ்வேறு ஊர்கள். ஆகவே சென்னையில் வாழ்வது எப்படி என்று கேட்பதைவிட, சென்னையின் எந்த மடையில் வாழ்வது என்று கேட்பதே உங்களுக்குப் பயன்படும்.

நம் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்குத் தலைமடையையும் கடைமடையையும் விளக்க வேண்டியதில்லை. ஜூன் 12ஆம் தேதியே மேட்டூர் திறந்தாலும், கல்லணையில் உரிய நாளில் பிரித்து விட்டாலும், வாய்க்கால் தலைப்பில் இருப்பவர் நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டி முடித்த பிறகுதான் கடைசி மதகுக்கு ஈரம் எட்டும். மழை கொட்டித் தீர்த்தாலோ கடைமடைக்காரர் வயல்தான் முதலில் மூழ்கி, கடைசியில் வடியும். பெருநகரமும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, அடிக்கடி வரும் பேருந்து, அரசு மருத்துவமனை, நடைபாதை, நூலகம் என எல்லாமே நடுவில் தொடங்கி வெளிப்புறம் நோக்கி மெதுவாகப் பாய்கின்றன. ஓரத்தில் இருப்பவர் தம் முறை வரும்வரை காத்திருக்கிறார். வரி விதிப்பு மட்டும் இந்த விதிக்குக் கட்டுப்படாது. அது முதல் ஆண்டிலேயே கடைசி வீட்டுக்கு வந்துவிடும்.

இந்த ஓரம் எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதைச் சில எண்களால் சொல்லிவிடலாம். சென்னை மாநகராட்சி 1688இல் ஏற்பட்டது. 2011 வரை அதன் பரப்பு 174 சதுர கிலோமீட்டர். அந்த ஆண்டு சுற்றுப்புற நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் ஊராட்சிகளையும் இணைத்து அதை 426 சதுர கிலோமீட்டர் ஆக்கினார்கள். பிறகு ஆவடி 2019இலும் தாம்பரம் 2021இலும் தனி மாநகராட்சிகளாயின. இவை எல்லாவற்றையும் உள்ளடக்கிய பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்து, 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக அறிவிக்கப்பட்டது. அது நம் தஞ்சாவூர் மாவட்டத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். ராணிப்பேட்டை மாவட்டத்தின் ஒரு பகுதிகூட அதற்குள் வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னையும் அதை ஒட்டிய நகர்ப்பகுதிகளும் சேர்ந்து 86 லட்சம் பேரைத் தாண்டின. அதே கணக்கெடுப்பில் கும்பகோணம் 1.40 லட்சம். வரைபடத்தில் ஒரு கோட்டை வெளியே தள்ளிப் போடுவதற்குச் சில மாதங்கள் போதும். அந்தக் கோட்டுக்கு உட்பட்ட தெருக்களுக்குச் சாக்கடை போட ஒரு தலைமுறை ஆகிறது. கோடு போடும் மேசையில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

உங்கள் மகன் பார்க்கும் பகுதி இந்தக் கணக்கில் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய மாமல்லபுரம் சாலையில் சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி வரையில் 2011இல் மாநகராட்சியில் சேர்ந்தவை. அதைத் தாண்டிய நாவலூர், சிறுசேரி, படூர் எல்லாம் ஊராட்சிகளாக இருந்துகொண்டே அடுக்குமாடிகளாக வளர்ந்தவை. இருபது மாடிக் கட்டடத்தின் கண்ணாடி முகப்பைப் பார்த்து அதைத் தலைமடை என்று எண்ணிவிடக் கூடாது. அந்த வளாகத்துக்குள் நீச்சல்குளமும் உடற்பயிற்சிக் கூடமும் இருக்கும். வெளிவாசலைத் தாண்டினால் மழைநீர் வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது என்று காவலாளிக்கும் தெரியாது, கட்டியவருக்கும் தெரியாது.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்களுக்கு அங்கே முதலில் உறைப்பது அதுதான். கூவமும் அடையாறும் குடிக்க உதவாதவை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகளை வடகிழக்குப் பருவமழை நிரப்ப வேண்டும். போதாததற்கு 1996 முதல் கிருஷ்ணா தண்ணீரும், 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களும் கைகொடுக்கின்றன. இவற்றோடு 2004 முதல் வீராணம் தண்ணீரும் போகிறது. கும்பகோணத்திலிருந்து சென்னைப் பேருந்தில் போகும்போது அணைக்கரையில் நாம் கடக்கும் கீழணையில் தேங்கும் கொள்ளிடத் தண்ணீர்தான் வடவாற்றின் வழியே வீராணம் ஏரியில் விழுந்து, அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேலான குழாயில் சென்னைக்கு ஏறுகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்பது அத்திட்டத்தின் அளவு. உங்களுக்கு முன்பே உங்கள் காவிரி அங்கே குடியேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தத் தண்ணீர் குழாய் போட்ட தெருக்களுக்குத்தான் போகும். புரசைவாக்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்னால் குடிநீர்க் குழாயோடு இணைத்த ஒரு கைப்பம்பு இருந்தது. விடியற்காலையில் குடங்களோடு வரிசை நின்றாலும், அடித்தால் தண்ணீர் வரும் என்ற நிச்சயம் இருந்தது. சொந்த வீடு என்ற ஆசையில் மேடவாக்கத்துக்கு அப்பால் போன பிறகு, ஆழ்குழாய்த் தண்ணீர் மூன்றாம் ஆண்டிலேயே உவர்த்துப்போய், லாரிக்கு மாறினோம். லாரி தரைக்கடியில் இருக்கும் சம்ப்பில் ஊற்றும், மோட்டார் மேல்தொட்டிக்கு ஏற்றும், குளிக்கவும் துவைக்கவும் அது. குடிக்கவும் சமைக்கவும் இருபது லிட்டர் கேன். அந்த லாரிகள் தண்ணீர் எடுப்பது பெரும்பாலும் நகரத்தின் ஓரத்தில் இன்னும் பயிர் வைத்துக்கொண்டிருக்கும் கிராமங்களின் கிணறுகளிலும் ஆழ்குழாய்களிலும் என்பதை அறிந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. 2019 கோடையில் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள் அல்லவா, அப்போது எங்கள் குடியிருப்புக்கு ஐந்து நாட்கள் லாரி வரவில்லை. ஆறாம் நாள் நானும் என் மனைவியும் பையில் மாற்றுத்துணியை எடுத்துக்கொண்டு, புரசைவாக்கத்துப் பழைய வீட்டுக்காரரிடம் போய்க் குளித்துவிட்டு வந்தோம். கைப்பம்பு மெலிந்திருந்தாலும் வந்துகொண்டிருந்தது. ஊர் திரும்பும் முடிவை அன்று பேருந்திலேயே எடுத்துவிட்டோம் என்று சொல்லலாம்.

மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறு. தென்சென்னையின் பல ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். அந்தச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி கட்டடங்களாகவும் சாலைகளாகவும் குப்பைமேடாகவும் மாறிய பிறகு, எஞ்சியதற்கு 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. இதைப் புதிய தலைமுறையின் பேராசை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தியாகராய நகரே 1920களில் ஒரு நீண்ட ஏரியின் படுகையில் எழுப்பப்பட்டதுதான். வேளச்சேரியில் ஓர் ஏரி இருப்பதைக் காதால் கேட்டும் கண்ணால் காணாமல் நாம் வீடு வாங்கினோம். 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். தரைத்தளத்தார் மூன்று குடும்பங்கள் நான்கு நாட்கள் எங்கள் வரவேற்பறையில் தங்கினார்கள். அதுவரை பெயர்கூடத் தெரியாமல் இருந்தவர்கள். மின்சாரம் இல்லை, சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டது, சுற்றிலும் தண்ணீர் நிற்கக் குடிப்பதற்கு இல்லை. 2023 டிசம்பர்ப் புயலிலும் அதே பகுதிகள் மறுபடியும் மூழ்கியதை ஊரிலிருந்து தொலைக்காட்சியில் பார்த்தேன். கஜா புயலைப் பார்த்தவர்கள் நாம். காற்றில் சாய்ந்த தென்னையின் இழப்பு நமக்குத் தெரியும். ஆனால் ஆற்றில் தண்ணீர் ஏறுவதை இரவெல்லாம் கரையில் லாந்தரோடு நின்று பார்த்த நம் முன்னோரைப் போலப் பார்ப்பதற்கு அங்கே ஆறு கண்ணில் படாது. வாசலுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

அடுத்தது தொலைவு. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அது வேறு ஊர், இப்போது வேறு மாவட்டம். அங்கே போனவரை வெளியூர் போயிருக்கிறார் என்றுதான் சொல்வோம். சிறுசேரியிலிருந்து பெரம்பூரும் அதே அளவுதான் இருக்கும், ஆனால் இரண்டும் சென்னை. பெரம்பூரில் மைத்துனர், அம்பத்தூரில் அக்காள் மகள், குரோம்பேட்டையில் சம்பந்தி என்று நீங்கள் இப்போதே விரல்விட்டு எண்ணியிருப்பீர்கள். அவர்கள் எல்லோரும் அருகில் இருப்பார்கள் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். முப்பத்திரண்டு ஆண்டுகளில் என் சொந்தத் தம்பியின் வீட்டுக்கு நான் போனது ஆண்டுக்கு இரண்டு முறை. நாங்கள் அதிகம் சந்தித்துக்கொண்டது கல்யாண மண்டபங்களில்தான், அதிலும் பாதி மண்டபங்கள் கும்பகோணத்தில். அங்கே யாரும் தொலைவைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை. காலை எட்டரைக்குக் கிளம்பினால் ஒன்றே முக்கால் மணி நேரம், பதினொன்றுக்குக் கிளம்பினால் ஒரு மணி நேரம், மழை என்றால் கேட்காதீர்கள் என்பார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த நகரத்தின் உண்மையான அளவுகோல் அது, அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஓராண்டு பிடித்தது.

நகரம் எப்படி விரிந்தது என்பதை நம்மூர்ப் பேருந்து போய் நின்ற இடங்களை வைத்தே சொல்லிவிடலாம். நான் போன காலத்தில் பாரிமுனையில் இறங்குவோம், கோட்டைக்குக் கூப்பிடு தூரம். 2002இல் கோயம்பேட்டுக்கு மாறியது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் புதிய முனையம் திறந்தார்கள், வண்டலூருக்கும் அப்பால். விடியற்காலை நான்கு மணிக்கு அங்கே இறங்கி, சென்னை வந்துவிட்டது என்று மூச்சுவிடும் நம்மூர்க்காரர், பெரம்பூர் போய்ச் சேர்வதற்குள் விடிந்து காபி நேரம் தாண்டிவிடும். ரயில் எப்போதும் மேல். மன்னை விரைவு வண்டியிலோ உழவன் விரைவு வண்டியிலோ வந்து தாம்பரத்தில் இறங்கிவிட்டால், கடற்கரை வரை மின்சார ரயில். 1931 முதல் ஓடும் அந்தத் தடம்தான் மாம்பலத்தையும் குரோம்பேட்டையையும் ஊராக்கியது. நம் பக்கத்துக் குடும்பங்கள் பல அந்தத் தடத்தை ஒட்டியே குடியேறியதற்கு அது காரணம் என்பது என் கணிப்பு. பழைய மாமல்லபுரம் சாலைக்கு அப்படி ஒரு தடம் முன்பே இருந்திருந்தால் அதன் கதை வேறாகியிருக்கும். சாலையையும் கட்டடத்தையும் முதலில் போட்டுவிட்டு, சிறுசேரி வரையிலான மெட்ரோ தடத்தை இப்போதுதான் தூண் தூணாக எழுப்புகிறார்கள்.

செலவைப் பற்றி உங்கள் மகனே நன்றாகச் சொல்வார். நிலத்தை மா என்றும் வேலி என்றும் எண்ணிப் பழகிய உங்களுக்கு, கிரவுண்டில்கூட இல்லாமல், பிரிபடாத பங்கு என்ற பெயரில் சில நூறு சதுர அடி பத்திரத்தில் வருவது வியப்பாக இருக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பெரியவர்களுக்கு அங்கே என்ன நேர்கிறது என்பதே உங்கள் கேள்வியின் உள்ளே இருப்பது என்று தோன்றுகிறது. என் தாயார் காலமான பிறகு, 2005இல் என் தந்தையாரை அழைத்துச் சென்றேன். ஏழு மாதங்கள் இருந்தார். வீட்டில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் காலை ஐந்து மணிக்கு எழுந்து பழகியவருக்கு, எழுந்த பிறகு போவதற்கு ஓர் இடம் இல்லை. ஆறு இல்லை, கோயில் வாசல் தூரம், நடக்கச் சாலையோரம் இல்லை. இரண்டு மாதத்தில் ஒரு தேநீர்க் கடை பெஞ்சைக் கண்டுபிடித்தார். அங்கே செய்தித்தாளை உரக்கப் படிக்கும் திருவாரூர்க்காரர் ஒருவரும் கிடைத்தார். நான்காம் மாதம் சாலையை அகலப்படுத்துவதற்காக அந்தக் கடையை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அவர் ஒரு புதிய பழக்கத்தைத் தொடங்கினார்: பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புவார். ஏன் என்று கேட்டதற்கு, இந்த ஊர் எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார். செங்கல்பட்டுக்குச் சற்று முன்னால் ஒரு நெல்வயலைப் பார்த்துவிட்டு வந்த அன்று இரவு, ஊருக்குச் சீட்டு எடுத்துவிடு என்றார். இப்போது அந்த வயலும் பெருநகரப் பகுதிக்குள்தான்.

இவ்வளவும் சொன்னதால் நகரத்தைத் தூற்றுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் ஊர்களில் ஒருவர் தம் தெருவின் பெயரைச் சொன்னாலே அவர் யார் என்பது வெளியாகிவிடும். அந்தத் தெருவிலிருந்து தப்பி மூச்சுவிட விரும்பியவர்களுக்குச் சென்னை உண்மையாகவே ஒரு கதவைத் திறந்திருக்கிறது. முழுமையாக அல்ல, வீடு வாடகைக்குக் கேட்டால் அசைவம் சாப்பிடுவீர்களா என்று தொடங்கும் விசாரணை எங்கே போய் முடியும் என்பதை எல்லோரும் அறிவோம். ஆனாலும் அலுவலகத்திலும் ரயில் பெட்டியிலும் யாரும் தெருவைக் கேட்பதில்லை. என் மகள் இரவு ஒன்பதரைக்கு வேலை முடித்துத் தனியே வீடு திரும்பினாள். பட்டீஸ்வரத்தில் அதே நேரத்தில் தனியே நடந்திருந்தால் நான்கு திண்ணைகள் அதைப் பேசியிருக்கும். அவளைக் கேட்டால், அந்தத் திண்ணைகள் இல்லாததே நகரத்தின் முதல் வசதி என்பாள். நெஞ்சுவலி என்றால் தஞ்சாவூர் வரை போக வேண்டிய நமக்கு, அங்கே மருத்துவமனைகள் நெருக்கம். அதிலும் தலைமடைக்கே முன்னுரிமை என்பது வேறு. மார்கழிக் கச்சேரிகளையும், பொங்கலை ஒட்டி வரும் புத்தகக் கண்காட்சியையும் நான் இன்றும் இழப்பாகவே உணர்கிறேன்.

இடையே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் பழையாறை இருக்கிறது. சோழர்களின் தலைநகராக இருந்த காலத்தில் அதுவும் பரந்த நகரம்தான். ஆரியப்படைவீடு, பம்பைப்படைவீடு, மணப்படைவீடு, புதுப்படைவீடு என்று படைகள் தங்கிய புறநகர்களும், வடதளி, மேற்றளி, கீழ்த்தளி, தென்தளி என்று திசைக்கொரு கோயிலுமாக விரிந்திருந்தது. இன்று அவை வெவ்வேறு கிராமங்கள், நடுவில் நெல். சோழன்மாளிகை என்ற ஊரில் மாளிகை இல்லை. வரைபட வேலை பார்த்த கண்ணுக்கு அங்கே போகும்போதெல்லாம் எல்லைக்கோடு எங்கே ஓடியிருக்கும் என்று தேடும் வழக்கம் இன்னும் போகவில்லை.

இனி நீங்கள் செய்யக்கூடியது. முதலில் உங்கள் மகனிடம், வீட்டின் சதுர அடியைக் கேட்பதற்கு முன்னால், குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் குழாயில் போகிறதா லாரியில் போகிறதா, தெருவின் மழைநீர் எந்த ஏரியில் அல்லது எந்தக் கால்வாயில் விழுகிறது என்று கேட்கச் சொல்லுங்கள். அந்தத் தெருவில் பழைய சுவர்கள் இருந்தால் 2015, 2023 வெள்ளக் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பெட்டிக்கடைக்காரரே காட்டுவார். வேலைக்கு அருகில் வீடு என்பது நல்ல முடிவுதான், ஆனால் அந்தத் தொழிலில் வேலை இடம் மாறும், வீடு மாறாது. அடுத்த வேலை அம்பத்தூரில் கிடைத்தால் நாள்தோறும் மூன்று மணி நேரம் சாலையில் போகும் என்பதையும் அவர் யோசிக்கட்டும். முதலில் இரண்டாண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பதே என் யோசனை.

நீங்கள் இருவரும் சம்பா அறுவடை முடிந்து, தை கடைசியில் கிளம்புங்கள். அப்போது போனால் அங்கே சித்திரை வெயிலையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் இரண்டையும் பார்த்துவிடலாம். இவற்றில் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்தவர்கள் எல்லோரும் தவறாகத்தான் முடிவு செய்தார்கள், நானும் உட்பட. நிலத்தை விற்க வேண்டாம், ஓராண்டுக்குக் குத்தகைக்கு விடுங்கள். வீட்டையும் பூட்டிப் போடாதீர்கள். ஓட்டு வீடாக இருந்தால் ஒரு மழைக்காலம் ஓடு மாற்றாமல் விட்டாலே உத்தரம் ஊறிவிடும். வாரம் ஒருமுறை கதவைத் திறந்து பெருக்கி, விளக்கேற்றுவதற்கு எதிர்வீட்டில் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.